38 செயற்கைக்கோள்களைக் கீழே இழுத்த காற்று: காலநிலை மாடல்கள் ஏன் விண்வெளி வரை உயர்கின்றன? - விளக்கம்

2022 பிப்ரவரி 3-ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தில் இருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 ராக்கெட் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுடன் கிளம்பியது. ராக்கெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. சுமார் 210 கி.மீ. உயரத்தில் திட்டமிட்டபடியே செயற்கைக்கோள்கள் இறக்கிவிடப்பட்டன. அங்கிருந்து தங்கள் சொந்த எஞ்சின் மூலம் அவை மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும்.

ஆனால், மறுநாள் ஒரு சூரியப் புயல் பூமியை வந்தடைந்தது. அது பெரிய புயல்கூட இல்லை. சாதாரண ரகம்தான். இருந்தாலும், அந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்று சூடாகி உப்பியது. முந்தைய ஏவுதல்களைவிட காற்றின் இழுவிசை 50 சதவிகிதம் வரை அதிகமாக இருந்ததாக ஸ்பேஸ்எக்ஸ் தெரிவித்தது. எதிர்க்காற்றில் குடையைச் சாய்த்துப் பிடிப்பதுபோல, செயற்கைக்கோள்களைத் தட்டையாகத் திருப்பிப் பறக்கவிட்டார்கள். அதுவும் பலிக்கவில்லை. 49-இல் 38 செயற்கைக்கோள்கள் கீழே விழுந்து எரிந்தன. அப்படி எரிந்த சில துண்டுகள் போர்ட்டோ ரிகோ வானத்தில் கோடு கோடாகப் போனது கேமராவில் பதிவானது.

"விண்வெளியில் ஏது காற்று?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. பூமியின் வானிலையையும் காலநிலையையும் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களை, இந்த மெல்லிய காற்று இருக்கும் உயரம் வரை நீட்டும் வேலையில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இறங்கியிருக்கிறார்கள். இது ஏன் இவ்வளவு கஷ்டம்? இதனால் யாருக்கு என்ன லாபம்? விரிவாகப் பார்ப்போம்.

காற்று எங்கே முடிகிறது?

உண்மையைச் சொன்னால், 'இங்கே முடிகிறது' என்று ஒரு கோடு கிடையாது. 100 கி.மீ. உயரத்தை விண்வெளியின் எல்லை என்று பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால், அது நம் வசதிக்காகப் போட்டுக்கொண்ட கோடு. காற்று அதற்கு மேலேயும் இருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம்.

* ட்ரோபோஸ்பியர்: தரையில் இருந்து, நம்மைப் போன்ற வெப்பமான பகுதிகளில் சுமார் 16 முதல் 18 கி.மீ. வரை. மழை, புயல், மேகம் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான்.
* ஸ்ட்ராட்டோஸ்பியர்: அதற்கு மேல் சுமார் 50 கி.மீ. வரை. ஓசோன் படலம் இருப்பது இங்கே.
* மீசோஸ்பியர்: சுமார் 50 முதல் 85-90 கி.மீ. வரை. பெரும்பாலான எரிகற்கள் எரிவது இங்கே. பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடமும் இதன் உச்சிதான்.
* தெர்மோஸ்பியர்: அதற்கு மேல் பல நூறு கி.மீ. வரை. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது இதற்குள்ளேதான்.

சுமார் 400 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி, தரையில் இருப்பதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு குறைவு. ஆனால் ஒரு செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த வேகத்தில், நாள் கணக்கில் மோதும்போது மெல்லிய காற்றும் பிரேக் போடும். விண்வெளி நிலையத்தையே அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்கிவிட வேண்டியிருப்பது இதனால்தான்.

காலநிலை மாடல் என்றால் என்ன?

பூமியைச் சுற்றிலும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலேயும் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பம், அழுத்தம், காற்றின் வேகம், ஈரப்பதம் எவ்வளவு என்று எண்கள் இருக்கும். பக்கத்துப் பெட்டிகளோடு அவை எப்படிக் கொடுத்து வாங்குகின்றன என்பதை இயற்பியல் விதிகளை வைத்து கம்ப்யூட்டர் கணக்கிடும். சில நிமிடம் தாண்டி மறுபடியும் கணக்கிடும். இப்படியே நாட்கள், ஆண்டுகள், நூற்றாண்டுகள் என்று ஓட்டினால், அதுதான் காலநிலை மாடல்.

1956-இல் நார்மன் பிலிப்ஸ் உருவாக்கிய முதல் மாடலில் மொத்தமே 2 அடுக்குகள்தான். இன்றைக்கு அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையமான 'என்கார்' பயன்படுத்தும் 'கேம்-6' என்ற மாடலில் 32 அடுக்குகள் உள்ளன. அதன் உச்சி சுமார் 40 கி.மீ. உயரத்தில் நிற்கிறது.

ஏன் 40-லேயே நிறுத்தினார்கள்? காரணம் எளிது. காற்றின் எடையில் 99 சதவிகிதத்துக்கும் மேல் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. மழையும் வெயிலும் அங்கேதான். மீதியைக் கணக்கில் சேர்த்தால் கம்ப்யூட்டர் செலவு ஏறுமே தவிர, பலன் பெரிதாக இருக்காது என்று நினைத்தார்கள். ஆகவே 40 கி.மீ.யில் ஒரு கூரை போட்டுவிட்டார்கள்.

கூரை போட்டதில் என்ன சிக்கல்?

தொட்டித் தண்ணீரில் கல்லைப் போட்டால், அலை சுவரில் மோதித் திரும்பி வரும். கடலில் போட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வளிமண்டலம் கடல் மாதிரி. மாடலோ தொட்டி மாதிரி.

மலைகளின் மேல் காற்று ஏறி இறங்கும்போதும், பெரிய இடிமேகங்கள் எழும்பும்போதும் காற்றில் அலைகள் கிளம்புகின்றன. அவை மேலே மேலே போகும். நிஜ வளிமண்டலத்தில் கூரை கிடையாது. மாடலில் இருக்கிறது. அதனால் அலைகள் கூரையில் மோதிப் பொய்யாகத் திரும்பி, கீழே இருக்கும் கணக்கைக் குழப்பும். இதைத் தடுக்க, மாடலின் உச்சியில் அலைகளை உறிஞ்சும் 'ஸ்பாஞ்ச்' மாதிரி ஒரு அடுக்கை வைக்கிறார்கள். அது ஒரு சமாளிப்புதான்.

இந்த அலைகளை லேசாக நினைக்கக் கூடாது. சாட்டையின் கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தால் போதும், நுனியில் 'சுளீர்' என்று சொடுக்கும். சாட்டை நுனிக்குப் போகப் போக மெலிவதுதான் காரணம். வளிமண்டலமும் அப்படித்தான். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 100 கி.மீ. உயரத்தில் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே கீழே கிளம்பிய சிறிய அலை, வழியில் உடையாமல் போய்ச் சேர்ந்தால், அங்கே ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும். பெரும்பாலான அலைகள் அதற்கு முன்பே உடைந்துவிடுகின்றன. உடையும் இடத்தில் தங்கள் விசையைக் காற்றில் கொட்டிவிட்டுப் போகின்றன.

இதன் விளைவு விசித்திரமானது. துருவப் பகுதியில் கோடைக்காலத்தில் 24 மணி நேரமும் வெயில் அடிக்கும். ஆனால், அங்கே மீசோஸ்பியரின் உச்சி குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் அதிகமாகக் குளிர்கிறது. மைனஸ் 130 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். காரணம், உடையும் அலைகள் அங்கே காற்றை மேலே தூக்குகின்றன. மேலே போகும் காற்று விரிந்து குளிர்கிறது. கீழே கிளம்பும் அலைகளைச் சேர்க்காத எந்த மாடலாலும் இந்தக் குளிரைக் காட்ட முடியாது.

மேலே நடப்பது கீழே வருமா?

வரும். 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற விஞ்ஞானி, குளிர்காலத்தின் நடுவே ஸ்ட்ராட்டோஸ்பியர் சில நாட்களில் பல பத்து டிகிரி சூடாவதைக் கண்டுபிடித்தார். 'திடீர் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமேற்றம்' என்று இதைச் சொல்கிறார்கள். இது நடந்த பிறகு அடுத்த சில வாரங்களில் ஐரோப்பா, வட அமெரிக்கா பகுதிகளில் கடும் குளிர் அலை வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. உயரமான கூரை உள்ள மாடல்கள் இதை இன்னும் சரியாகப் பிடிக்கின்றன.

2009 ஜனவரியில் வந்த பெரிய வெப்பமேற்றம் இன்னொரு ஆச்சரியத்தைக் காட்டியது. சூடானது ஆர்க்டிக் பகுதியின் ஸ்ட்ராட்டோஸ்பியர். ஆனால், பல ஆயிரம் கி.மீ. தள்ளி, பெரு நாட்டின் ஹிகமார்க்கா ரேடார் மையம் இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதியில், பல நூறு கி.மீ. உயரத்தில் உள்ள மின்னேற்றத் துகள்களின் அடுக்கே தாறுமாறாக மாறியது. அப்போது சூரியன் அமைதியாக இருந்த காலம். அதனால் பழியைச் சூரியன் மேல் போட வழியில்லை. கீழிருந்து கிளம்பியதுதான் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்கு முன்பே, 2006-இல் நாசாவின் 'இமேஜ்' செயற்கைக்கோள் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். அமேசான், காங்கோ, இந்தோனேசியா ஆகிய மழைக்காட்டுப் பகுதிகளின் இடிமழை, தனக்கு மேலே நூற்றுக்கணக்கான கி.மீ. உயரத்தில் இருக்கும் மின்னேற்ற அடுக்கில் தன் தடத்தைப் பதிக்கிறது. மழை மேகம் விடும் வெப்பம் பெரிய அலைகளைக் கிளப்பி, விண்வெளியின் வாசல் வரை அனுப்புகிறது.

அதாவது கீழே வானிலை, மேலே விண்வெளி என்று தனித்தனி வீடு கிடையாது. ஒரே வீட்டின் மாடிகள்தான்.

சரி, கூரையை உயர்த்த என்ன செய்ய வேண்டும்?

மேலே இன்னும் நாலு அடுக்குகளைச் சேர்த்தால் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. மேலே போகப் போக, கீழே 'இது மாறாது' என்று எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றும் மாறிவிடுகிறது.

1. காற்றின் கலவை மாறுகிறது: தரையில் இருந்து சுமார் 100 கி.மீ. வரை, நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இருக்கும். காற்று எப்போதும் கலக்கப்பட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். அதற்கு மேலே கலக்க ஆளில்லை. கலங்கிய தண்ணீரை அசைக்காமல் வைத்தால் மண் அடியில் படிவதுபோல, கனமான வாயுக்கள் கீழே தங்கும், லேசானவை மேலே போகும். 200 கி.மீ.க்கு மேலே தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள்தான் ராஜா. இன்னும் மேலே ஹீலியமும் ஹைட்ரஜனும். 'காற்று' என்று ஒரே எடை, ஒரே குணம் வைத்துப் போட்ட சமன்பாடுகள் இங்கே செல்லாது.

2. ஈர்ப்பு விசை குறைகிறது: வானிலை மாடல்களில் ஈர்ப்பு விசை எங்கேயும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 500 கி.மீ. உயரத்தில் அது சுமார் 14 சதவிகிதம் குறைந்துவிடுகிறது.

3. வெப்பக் கணக்கு மாறுகிறது: கீழே மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடைவிடாமல் இடித்துக்கொண்டே இருப்பதால், வெப்பத்தைச் சீராகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுமார் 70 கி.மீ.க்கு மேலே இடிப்பது குறைகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் எவ்வளவு ஆற்றலை வெளியே விடும் என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். சூரியனின் எக்ஸ்-கதிர்களையும், மிகக் கடுமையான புற ஊதாக் கதிர்களையும் சேர்க்க வேண்டும். அவை மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கீழே நிற்கும் மாடல்கள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை.

4. மின்சாரம் உள்ளே வருகிறது: அந்தக் கதிர்கள் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. மின்னேற்றம் பெற்ற துகள்கள் பூமியின் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். காற்றோ தன் போக்கில் வீசும். இரண்டும் உரசும்போது ராட்சத டைனமோ மாதிரி மின்சாரம் உருவாகிறது. வானிலை மாடலுக்குள் மின் சமன்பாடுகளையும் எழுத வேண்டும் என்ற நிலை இங்கேதான் வருகிறது.

5. வேகம் கூடுகிறது: தெர்மோஸ்பியரில் காற்று நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் வீசும். அதனால் கணக்கைச் சின்னச் சின்ன இடைவெளியில் போட வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை போட்டதை 5 நிமிடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கிறது. அப்படியானால் ஓராண்டுக்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு.

யார் யார் செய்கிறார்கள்?

தெர்மோஸ்பியருக்கென்று தனி மாடல்கள் 1980-களிலேயே இருந்தன. என்காரில் ராபர்ட் டிக்கின்சன், ரேமண்ட் ரோபிள் ஆகியோர் உருவாக்கியவை அதில் முக்கியமானவை. ஆனால் அவை சுமார் 97 கி.மீ.யில்தான் தொடங்கும். கீழே தரை இல்லாத மாடி மாதிரி. கீழிருந்து வரும் அலைகளை வெளியில் இருந்து ஊட்ட வேண்டும்.

வானிலைக்காரர்கள் கீழிருந்து ஏறினார்கள். விண்வெளிக்காரர்கள் மேலே நின்றார்கள். இரண்டையும் இணைத்து ஒரே மாடலாகத் தரையில் இருந்தே ஏறியதுதான் திருப்பம். என்காரின் 'வாக்கம்' மாடல் சுமார் 140 கி.மீ. வரை போகிறது. அதன் நீட்டிப்பான 'வாக்கம்-எக்ஸ்' 500 கி.மீ.யையும் தாண்டிப் போகிறது. 2018-இல் வெளியான அதன் 2.0 பதிப்பில், மேலே சொன்ன மின் டைனமோவும் மின்னேற்றத் துகள்களின் நகர்வும் உள்ளேயே சேர்க்கப்பட்டன.

ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வு நிறுவனம் 'ஹமோனியா' என்ற மாடலை 250 கி.மீ. வரை கொண்டுபோனது. ஜப்பானில் 'கையா' என்ற மாடல் உள்ளது. பிரிட்டன் வானிலை அலுவலகமும் தன் மாடலின் கூரையை உயர்த்தும் வேலையில் இருக்கிறது. அமெரிக்க வானிலை அமைப்பான நோவா, இத்தகைய முழு வளிமண்டல மாடலை 2021-இல் அன்றாட விண்வெளி வானிலைக் கணிப்புக்கே பயன்படுத்தத் தொடங்கியது.

கீழே சூடு... மேலே குளிர்?

இந்த மாடல்கள் சொல்லும் மிக முக்கியமான செய்தி இதுதான். கார்பன் டை ஆக்சைடு கூடினால் நாம் இருக்கும் இடம் சூடாகும். ஆனால் மேல் வளிமண்டலம் குளிரும்.

ஒரே வாயு, இரண்டு வேலை எப்படிச் செய்கிறது? கீழே காற்று அடர்த்தி. கார்பன் டை ஆக்சைடு, தரை வெளியிடும் வெப்பத்தை உறிஞ்சி, மீண்டும் எல்லாப் பக்கமும் விடுகிறது. அதில் ஒரு பங்கு கீழேயே திரும்பி வருகிறது. எனவே அது போர்வை மாதிரி. மேலே காற்று மெலிது. அங்கே ஆக்சிஜன் அணுக்கள் வந்து இடிப்பதால் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஆற்றலைப் பெறுகிறது. அதை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. தடுக்க ஆளில்லாததால் அது நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. கீழே போர்வையாக இருப்பது மேலே விசிறியாகிவிடுகிறது.

இதை 1967-லேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கார்பன் டை ஆக்சைடு கூடினால் தரை சூடாகும், ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்றார்கள். பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சேர்ந்தே சூடாக வேண்டும். கீழே சூடு, மேலே குளிர் என்பது வாயுக்களின் கைரேகை. மனாபேவுக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

1989-இல் ரோபிளும் டிக்கின்சனும் இன்னும் மேலே போனார்கள். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இரட்டிப்பானால் மீசோஸ்பியர் சுமார் 10 டிகிரியும், தெர்மோஸ்பியர் சுமார் 50 டிகிரியும் குளிரும் என்று கணக்கிட்டார்கள். தரையில் பேசப்படும் ஒன்றிரண்டு டிகிரியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு புரியும். 1958-இல் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

இது வெறும் கணக்கு இல்லை. பல பத்தாண்டுகள் சுற்றிய செயற்கைக்கோள்களின் பாதை எவ்வளவு வேகமாகத் தாழ்ந்தது என்பதை அலசியதில், சுமார் 400 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தாண்டுக்குச் சுமார் 2 முதல் 5 சதவிகிதம் குறைந்து வருவது தெரியவந்தது. 2001 டிசம்பரில் ஏவப்பட்ட நாசாவின் 'டைம்டு' செயற்கைக்கோளில் உள்ள 'சேபர்' கருவியும் மேல் வளிமண்டலம் குளிர்ந்து சுருங்குவதைப் பதிவு செய்திருக்கிறது.

சுருங்கினால் நல்லதுதானே?

ஒரு பக்கம் பார்த்தால் நல்லதுதான். காற்று மெலிந்தால் இழுவிசை குறையும். வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள்களுக்கு எரிபொருள் மிச்சம்.

ஆனால் விண்வெளியில் குப்பை வாரும் ஒரே துப்புரவுத் தொழிலாளி இந்தக் காற்றுதான். செயலிழந்த செயற்கைக்கோள்கள், ராக்கெட் துண்டுகள், மோதலில் சிதறிய சில்லுகள் எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கீழே இழுத்து எரிப்பது இதுதான். 400 கி.மீ. உயரத்தில் விட்ட பொருள் சில மாதங்கள் அல்லது ஓரிரு ஆண்டுகளில் விழுந்துவிடும். 800 கி.மீ. உயரத்தில் இருப்பது விழ நூறாண்டுகூட ஆகலாம். காற்று சுருங்கினால், குப்பை தங்கும் காலம் நீளும்.

2009 பிப்ரவரி 10-ஆம் தேதி, சுமார் 790 கி.மீ. உயரத்தில் அமெரிக்காவின் 'இரிடியம்-33' செயற்கைக்கோளும் ரஷ்யாவின் செயலிழந்த 'காஸ்மோஸ்-2251' செயற்கைக்கோளும் மோதிக்கொண்டன. ஆயிரக்கணக்கான துண்டுகள் சிதறின. அவற்றில் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அளவுள்ள குப்பைத் துண்டுகள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. ஒரு சில்லு இன்னொன்றை உடைக்க, அது இன்னொன்றை உடைக்க என்று சங்கிலியாகப் போனால், சில உயரங்களைப் பயன்படுத்தவே முடியாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு ஆய்வு 2025 மார்ச்சில் வெளியானது. வாயு வெளியேற்றம் அதிகமாகவே தொடர்ந்தால், 200 முதல் 1,000 கி.மீ. வரையிலான உயரங்களில் ஆபத்தில்லாமல் தாங்கக்கூடிய செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை 2100-க்குள் 50 முதல் 66 சதவிகிதம் வரை குறையலாம் என்கிறது அது. தொலைத்தொடர்பு, புயல் எச்சரிக்கை, வழிகாட்டி மேப், பயிர்க் கணக்கெடுப்பு என்று எவ்வளவோ வேலை விண்ணில் இருந்து நடக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இப்படி 50, 75 ஆண்டுக் கணக்கைப் போட, தரையில் கூடும் வாயுவையும் 400 கி.மீ. உயரத்தில் மெலியும் காற்றையும் ஒரே மாடலில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் இங்க்ரிட் நோசன், வாக்கம்-எக்ஸ் மாடலை 2070 வரை ஓட்டிப் பார்த்தது இதற்காகத்தான். மேல் வளிமண்டலம் சுருங்கும் வேகம் வரும் பத்தாண்டுகளில் கடந்த காலத்தைவிடக் கூடும் என்று அந்த ஆய்வு காட்டியது.

மீண்டும் அந்த 38 செயற்கைக்கோள்கள்...

காற்று சுருங்குகிறது என்றால், 2022-இல் அது ஏன் உப்பியது? இரண்டும் வேறு வேறு கால அளவுகள். வாயுவால் வரும் சுருக்கம் பத்தாண்டுகளில் மெதுவாக நடப்பது. சூரியப் புயலால் வரும் உப்பல் சில மணி நேரத்தில் வந்து, ஓரிரு நாளில் அடங்குவது. புயலின் ஆற்றல் முதலில் துருவப் பகுதிகளில் மின்னோட்டமாக இறங்கி, காற்றைச் சூடாக்குகிறது. சில மணி நேரத்திலேயே அந்தச் சூடு நிலநடுக்கோடு வரை பரவிவிடும்.

அந்த நாட்களை நோவாவின் முழு வளிமண்டல மாடலில் பிறகு ஓட்டிப் பார்த்தபோது, அந்த உயரங்களில் காற்றின் அடர்த்தி 50 சதவிகிதத்துக்கும் மேல் கூடியிருந்தது தெரிந்தது. அதாவது, கணக்குப் போடும் கருவி கையில் இருந்தது. அதை ஏவுதல் முடிவோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம்தான் அப்போது வரவில்லை. அந்த இழப்புக்குப் பிறகு ஸ்பேஸ்எக்ஸ் தன் செயற்கைக்கோள்களை இன்னும் அதிக உயரத்தில் இறக்கிவிடத் தொடங்கியது.

2024 மே மாதம் 10, 11 தேதிகளில் வந்த புயல் இதைவிடப் பல மடங்கு பெரியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது அப்போதுதான். தன் செயற்கைக்கோள்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக உயரம் இழந்ததாக இஸ்ரோவும் தெரிவித்தது.

தென்னிந்தியாவுக்கு இதில் என்ன வேலை?

நேரடித் தொடர்பே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென் முனையை ஒட்டிப் போகிறது. இங்கே சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் பலமான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஆராய வசதியான இடம் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட கேரளத்தின் தும்பாவில் இருந்துதான் 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணில் இருந்து ஏவப்பட்ட முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பியது.

திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் 1992 முதல் மீசோஸ்பியர் காற்றை அளந்து வருகிறது. திருப்பதி அருகே காடங்கியிலும் பெரிய ரேடார் மையம் உள்ளது. இந்த உயரத்துக் காற்றை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் அளந்த இடங்கள் உலகிலேயே குறைவு. மாடல் சரியா, தப்பா என்று உரசிப் பார்க்க இத்தகைய அளவீடுகள்தான் உரைகல்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சூரியன் மறைந்த பிறகு, காந்த நடுக்கோட்டுப் பகுதியின் மின்னேற்ற அடுக்கில் குமிழி குமிழியாக வெற்றிடங்கள் கிளம்பும். ஜி.பி.எஸ். சிக்னல் அவற்றின் வழியே வரும்போது நடுங்கும், சில நேரம் அறுந்தே போகும். இந்தக் குமிழி இன்றைக்கு வருமா, வராதா என்று முன்கூட்டியே சொல்வது இன்னும் பிடிபடாத வித்தை. கீழிருந்து வரும் அலைகளுக்கு இதில் பங்கு இருப்பதால், தரையில் தொடங்கும் முழு மாடல்கள் மேல்தான் நம்பிக்கை வைக்கிறார்கள்.

இந்த மாடல்களை எவ்வளவு நம்பலாம்?

திசையை நம்பலாம். மேலே குளிர்கிறது, சுருங்குகிறது என்பதில் மாடலும் அளவீடும் ஒத்துப்போகின்றன. துல்லியமான எண்ணில்தான் இன்னும் இழுபறி.

முதல் காரணம், பெட்டியின் அளவு. சாதாரணமாக ஒரு பெட்டி சுமார் 200 கி.மீ. அகலம். மலையில் கிளம்பும் அலைகள் அதைவிடச் சிறியவை. வலையின் கண்ணைவிடச் சின்ன மீன் மாதிரி அவை நழுவிவிடுகின்றன. அதனால் அவற்றின் விளைவை உத்தேசமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியைச் சிறிதாக்கினால் கம்ப்யூட்டர் செலவு எகிறும்.

இரண்டாவது காரணம், அளவீட்டுப் பஞ்சம். பலூன்கள் சுமார் 35 முதல் 40 கி.மீ. வரைதான் போகும். செயற்கைக்கோள்கள் 200 கி.மீ.க்குக் கீழே நிலைக்காது. நடுவில் இருக்கும் பகுதிக்குள் ராக்கெட் சில நிமிடம் போய் வரலாம், அவ்வளவுதான். விஞ்ஞானிகளே இதற்கு 'அறியாமை மண்டலம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சூரியன். அதன் 11 ஆண்டுச் சுழற்சியில் தெர்மோஸ்பியரின் அடர்த்தி பல மடங்கு ஏறி இறங்கும். அந்த ஆட்டத்துக்கு நடுவே வாயுவால் வரும் மெதுவான மாற்றத்தைப் பிரித்தெடுக்க, பல பத்தாண்டுத் தரவு இடைவிடாமல் வேண்டும். 20 ஆண்டுக்கும் மேல் உழைத்த சேபர் மாதிரிக் கருவிகள் அதனால்தான் பொக்கிஷம்.

சுருக்கமாக...

காலநிலை மாடலின் கூரையை உயர்த்துவது ஆராய்ச்சியாளர்களின் ஆசைக்காக நடக்கும் வேலை இல்லை. தரையில் ஒரு வண்டியின் புகைபோக்கியில் இருந்து போகும் வாயு, 400 கி.மீ. உயரத்தில் ஒரு குப்பைத் துண்டு எத்தனை ஆண்டு சுற்றும் என்பதைத் தீர்மானிக்கிறது. சூரியனில் கிளம்பும் புயலோ சில நாட்களிலேயே 38 செயற்கைக்கோள்களைக் கீழே இழுக்கிறது. ஒன்று கீழிருந்து வருகிறது, இன்னொன்று மேலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் அந்த மெல்லிய காற்றுதான்.

காற்று மெலிந்துகொண்டே போகிறது. செயற்கைக்கோள்களோ பெருகிக்கொண்டே போகின்றன. எந்த உயரத்தில் எத்தனை விடலாம், எப்போது விடக் கூடாது என்ற முடிவுகளை அடுத்த சில பத்தாண்டுகளில் நாடுகளும் நிறுவனங்களும் எடுத்தாக வேண்டும். 40 கி.மீ.யில் நின்றுவிடும் மாடலை வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது.